பூட்டு நட்டின் திறப்பைத் தொலைத்தவர்களுக்கு

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வியும் பதிலும்

வாடைக்காற்று ஓய்ந்த பின்னர் திருகோணமலை மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்த கடிதங்களுள் நான்கு, பழைய ஜீப் வண்டிகளின் சில்லுகளில் உள்ள பூட்டு நட்டுகளை, அதாவது திருட்டைத் தடுப்பதற்காகத் தமக்குரிய திறப்பால் மட்டுமே கழற்றும்படி செய்யப்பட்ட நட்டுகளைப் பற்றியவையாக இருந்தன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரே விடயத்துக்கு ஒதுக்குகின்றேன். என்ஜின் ஒயில் பற்றிக் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, என்னிடம் 1996ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஜீப் ஒன்று இருக்கின்றது. கடற்கரையில் படகை ஏற்றி இறக்கும் வண்டிலை இழுப்பதற்கும், இடையிடையே புல்மோட்டை வரை சென்று வருவதற்கும் அதனைப் பயன்படுத்துகின்றேன். அலோய் சில்லுகள், ஒவ்வொன்றிலும் உள்ள ஐந்து நட்டுகளில் ஒன்று பூட்டு நட்டு. முன்னைய உரிமையாளர் தந்த பூட்டுத் திறப்பை இப்போது காணவில்லை. முன் இடது சில்லில் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருக்கின்றது. ஒரு டயர் கடையில் காஸ் கட்டரால் வெட்டி எடுப்பதாகச் சொல்கிறார்கள். என் மைத்துனரோ, மற்ற நான்கு நட்டுகளையும் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் பூட்டு நட்டு தானாகவே இளகிவிடும் என்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். காஸ் கட்டரின் சுவாலை அலோய் சில்லுக்கு அருகிலேயே வரக்கூடாது. சில்லு வார்க்கப்பட்டிருக்கும் அலுமினியக் கலவை 600 பாகை செல்சியஸை எட்டுவதற்கு முன்னரே உருகத் தொடங்கிவிடும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கை காட்டும் குணமும் அதற்கு இல்லை. அதனிலும் பெரிய ஆபத்து டயருக்குள் இருக்கின்றது. காற்றடைத்த டயர் பூட்டியிருக்கும் சில்லைச் சூடாக்கினால், உட்புற இறப்பர் வெந்து எரிவாயுவை வெளியிட்டு, டயர் குண்டு போல வெடிக்கக்கூடும். பாரவூர்திச் சில்லுகளில் இவ்வாறு வெல்டிங் செய்யப்போய் உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

மைத்துனரின் யோசனையில் ஒரு துளி உண்மை இருக்கின்றது. ஆனால் அது இந்த வேலைக்குரியதன்று. நட்டுகள் யாவும் கழன்ற பின்னரும் சில்லு, அது பூட்டப்படும் நடுப்பாகமான ஹப்பில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும்போதுதான், நட்டுகளைச் சற்றே இளக்கி வண்டியைச் சில அடி நகர்த்தும் வழக்கம் உண்டு. பூட்டு நட்டு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் கழற்றினால், ஐந்து போல்ட்டுகள் பகிர்ந்து தாங்கிய சுமை முழுவதும் அந்த ஒன்றின் மீது விழும். நட்டு இளகுவதற்குப் பதிலாக மேலும் இறுகிப் பிடிக்கும், அல்லது போல்ட் முறியும். நீங்கள் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: மற்ற நான்கு நட்டுகளையும் உரிய அளவுக்கு இறுக்கியே வைத்திருங்கள். அவை சில்லை ஹப்போடு அழுத்திப் பிடித்திருக்கும்வரை பூட்டு நட்டின் மீதுள்ள இழுவிசை குறைவாக இருக்கும். அதைத் திருப்புவதற்கு வேண்டிய பலமும் அவ்வளவுக்குக் குறையும்.

இனித் திறப்பைத் தேடும் கதைக்கு வருவோம். "தேடாமலா கேட்கிறேன்" என்று நீங்கள் சினக்கலாம். ஆயினும் என் அனுபவத்தில், தொலைந்ததாகச் சொல்லப்பட்ட திறப்புகளிற் பல தொலையவேயில்லை. இந்தத் திறப்பு என்பது வீட்டுத் திறப்பைப் போன்றதன்று. கட்டைவிரல் பருமனுள்ள, ஒரு முனையில் நட்டின் வடிவத்துக்குரிய பற்களும் மறு முனையில் சாதாரண சொக்கட் (நட்டின்மேல் குழல் போலக் கவிந்து அதைத் திருப்பும் கருவி) பிடிக்கும் அறுகோணமும் கொண்ட ஓர் இரும்புத் துண்டு. டயர் கடையில் வேலை செய்பவர் அதனைத் தம்முடைய சொக்கட்டுக்குள் பொருத்தி, நான்கு சில்லுகளையும் பூட்டி முடித்து, அப்படியே சொக்கட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் எறிந்துவிடுவார். கடைசியாக டயர் மாற்றிய கடை எதுவென்று நினைவுபடுத்தி, அங்கே போய், பெரிய சொக்கட்டுகளின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கில்லையெனில் முன்னிருக்கைகளுக்கு அடியிலுள்ள பெட்டிகள், ஜக் சுற்றிவைத்த துணி, பின்கதவில் மாட்டியிருக்கும் மேலதிகச் சில்லின் உறை ஆகியவற்றைக் கவிழ்த்துப் பாருங்கள். முன்னைய உரிமையாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் வீண்போகாது. இரண்டு திறப்புகளுடன் விற்கப்படும் தொகுதிகளும் உண்டு.

தேடியும் கிடைக்காதபோது, நட்டை நன்கு துடைத்து, அது எவ்வகையானது என்று வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். முகப்பில் வளைந்து நெளிந்து ஓடும் ஒரு பள்ளம் இருக்கலாம். சுற்றுப்புறத்தில் பூவிதழ் போன்ற மேடுபள்ளங்கள் இருக்கலாம். மெல்லிய வெள்ளிநிற மூடி ஒன்று மேலே கவிழ்த்தப்பட்டிருந்தால், உண்மையான நட்டு அதற்கடியில்தான் இருக்கும். வாகன நிறுவனங்களின் அசல் தொகுதிகளுக்கும் மக்கார்ட் போன்ற உற்பத்தியாளர்களின் தொகுதிகளுக்கும் குறியீடு ஒன்று உண்டு. அது திறப்பிலோ, விற்கும்போது உடன் தரப்பட்ட அட்டையிலோ இருக்கும். அந்தக் குறியீடு தெரிந்தால், வெட்டுவது உடைப்பது என்ற பேச்சே தேவையில்லை; புதிய திறப்பை வரவழைத்துக்கொள்ளலாம். வண்டியுடன் வந்த கைநூலின் உறைக்குள் பழைய காகிதங்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

குறியீடு இல்லாதவிடத்து, நட்டின் முகப்பை நேராகவும் தெளிவாகவும் படமெடுத்து, அருகில் ஓர் அளவுகோலையும் வைத்து, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய லாண்ட் ரோவர் பாகங்கள் விற்பவர்களுக்கு அனுப்பிப் பாருங்கள். பெரிய டயர் கடைகளிலும் முகவர் நிலையங்களிலும் ஒரு நிறுவனத்தின் வெவ்வேறு வடிவங்களுக்குரிய திறப்புகளை ஒன்றாக அடுக்கிய தொகுதி வைத்திருப்பார்கள். அதிலொன்று உங்கள் நட்டில் உட்கார்ந்துவிட்டால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். செல்லும்போது வாகனப் பதிவுப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். அதைக் கேட்கின்ற கடைக்காரரைக் குறைசொல்ல வேண்டாம். கேட்காதவரைப் பற்றித்தான் நான் யோசிப்பேன்.

இவை எதுவும் கைகூடாவிட்டால் பலவந்தம்தான். அந்தப் பலவந்தத்துக்கும் ஓர் ஒழுங்கு இருக்கின்றது.

வண்டியைக் கடற்கரை மணலில் அல்லாமல், கொங்கிரீட் போட்ட சமதரையில் நிறுத்துங்கள். உங்கள் ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை என்பதை லாண்ட் ரோவர் வைத்திருப்பவர்களிலேயே பலர் அறிந்திருப்பதில்லை. அது, என்ஜினின் பலத்தை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில், பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டையே பிடிக்கின்றது. பின் சில்லு ஒன்றை ஜக்கினால் உயர்த்தியவுடன், உயர்ந்த சில்லு டிஃபரென்ஷல் (ஓர் அச்சின் இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதி) வழியாகச் சுதந்திரமாகச் சுழலும். தரையிலுள்ள மறு சில்லும் அதனுடன் சேர்ந்து உருளும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே வண்டி ஜக்கிலிருந்து இறங்கி ஓடும். ஆகையால் நடு டிஃபரென்ஷலைப் பூட்டி, கியரிலும் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அண்டக் கொடுத்த பின்னரே எதையும் தொடுங்கள். பூட்டு நட்டை இளக்கும் வேலையை, சில்லு தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

அடுத்தது துரு. நம் கரையோரத்தில் வண்டி கடல்நீரில் இறங்காவிட்டாலும் உப்பு காற்றிலேயே வந்து படியும். உங்களுடையது வாரத்தில் பல நாட்கள் ஹப் நனைய நனையக் கடலில் நிற்கின்றது. கம்பித் தூரிகையால் நட்டையும் அது அமர்ந்திருக்கும் குழியையும் சுரண்டித் துப்புரவாக்கி, துருவிளக்கும் எண்ணெயைத் தெளித்து, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை தெளியுங்கள். முகப்பு மூடிய நட்டாயின் எண்ணெய் புரிக்குள் முன்புறமாகப் புகாது. அப்போதும் நட்டின் கூம்புப் பகுதி சில்லோடு உரசும் இடத்துக்கு அது சென்று சேர்வதே பெரிய உதவியாகும். பிரேக் தட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வேணியர் அளவுகருவியால் நட்டின் வெளி விட்டத்தை அளந்து, அதனிலும் ஒரு மயிரிழை சிறியதான, பன்னிரு முனையுள்ள, மெல்லிய சுவர் கொண்ட சொக்கட் ஒன்றைத் தேடுங்கள். பூட்டு நட்டுகள் மில்லிமீற்றர் கணக்குக்கு அமைவாகவே இருக்குமென்ற நியதி இல்லை. அந்த இடத்தில்தான் பழைய அங்குலச் சொக்கட்டுகள் கைகொடுக்கும்: 7/8 அங்குலம் என்பது 22.2 மில்லிமீற்றர், 15/16 அங்குலம் 23.8, ஓர் அங்குலம் 25.4. டொக்யார்ட் (கடற்படைக் கப்பற்பட்டறை) காலத்துக் கருவிப்பெட்டி வைத்திருக்கும் பெரியவர் யாரேனும் அயலில் இருந்தால், அவரிடம் ஒரு தேநீர் குடித்துவிட்டு இரவல் கேளுங்கள். திரும்பக் கொடுக்கும் நிலையில் அந்தச் சொக்கட் இராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலோய் சில்லின் குழி ஒடுக்கமானது. தடித்த சொக்கட் குழியின் சுவரை உரசிச் சிராய்க்கும்.

சொக்கட்டை நட்டின்மேல் நேராக வைத்து, ஓரளவு கனமான சுத்தியலால் சீராக அடித்து ஏற்றுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம், ஏனெனில் கடினமாக்கப்பட்ட இரும்பு சிறு துண்டுகளாகத் தெறிக்கும். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அந்த அதிர்ச்சி சில்லின் பேரிங்குக்கும் போகும். சொக்கட் கவ்விப் பிடித்தவுடன் நீண்ட பிடியைப் பொருத்தி, ஒரே சீரான பலத்துடன் இடஞ்சுழியாக இழுங்கள். துள்ளித் துள்ளி இழுக்க வேண்டாம். காற்றழுத்தத்தால் நட்டைத் திருப்பும் காற்றுத் துப்பாக்கியையும் இந்த இடத்தில் பிடிக்க வேண்டாம், அதன் அதிர்வு கவ்வியிருக்கும் சொக்கட்டைக் கழற்றிவிடும். "டக்" என்று ஒரு ஓசை கேட்கும். அது நட்டு இளகிய ஓசையாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுங்கள். போல்ட் முறிந்தாலும் அதே ஓசைதான்.

இதற்கென்றே செய்யப்பட்ட எக்ஸ்ட்ராக்டர் சொக்கட்டுகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் உட்புறத்தில் இடம்புரியாகச் சுழன்று செல்லும் வெட்டுகள் இருப்பதால், கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப அவை நட்டை மேலும் ஆழமாகக் கடித்துக்கொள்ளும். நான்கு சில்லுகளிலும் பூட்டு நட்டு இருக்கும் உங்களுக்கு, நான்கு சொக்கட்டுகளைப் பலிகொடுப்பதைவிட இத்தகைய தொகுதி ஒன்றை வாங்குவதே சிக்கனம்.

அடித்து ஏற்றிய சொக்கட்டும் வழுக்கிவிட்டால் எஞ்சியிருப்பவை வெல்டிங்கும் துளையிடலும். அலோய் சில்லில் வெல்டிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில்லு இரும்பாக இருந்து, வேறு வழியும் இல்லையென்றால், முதலில் வால்வின் ஊசியைக் கழற்றி டயரிலிருந்து காற்றை முற்றாக இறக்கிவிட வேண்டும். இறங்கிய டயரும் சூட்டினால் தீப்பற்றக்கூடும் என்பதால் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு ஒருவர் நிற்க வேண்டும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, வெல்டிங்கின் பூமிக் கம்பியை அந்தச் சில்லிலேயே கௌவ்வ வைக்க வேண்டும். தூரத்தில் சட்டகத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகச் சென்று அதன் குண்டுகளில் குழிகளை உண்டாக்கும். நட்டின் வெள்ளிநிற மேற்பூச்சை முதலில் தேய்த்து நீக்குங்கள், அது எரிந்து கிளம்பும் புகை மூச்சுக்குத் தீங்கு. அதன்பின் பூட்டு நட்டின் முகப்பில் சாதாரண நட்டொன்றை வைத்துப் பற்றவைத்து, சூடு சற்றே தணிந்ததும் திருப்பினால், பற்றவைத்த சூட்டினாலேயே துருப்பிடிப்பு விட்டுக்கொடுக்கும்.

துளையிடுவது பொறுமைசாலிகளின் வேலை. டிஃபெண்டரின் சில்லுப் போல்ட் 16 மில்லிமீற்றர் பருமனும் 1.5 மில்லிமீற்றர் புரியிடைவெளியும் உடையது. நட்டின் நடுவே மையப்புள்ளி குத்தி, கோபால்ட் கலந்த துளை ஊசியைக் கொண்டு, மெதுவான வேகத்தில், எண்ணெய் சொட்டவிட்டு, சிறிய துளையிலிருந்து பெரியதற்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஏறக்குறைய 14 மில்லிமீற்றரை எட்டும்போது போல்ட்டின் உடல் மறைந்து புரி மட்டும் மெல்லிய சுருளாக எஞ்சும். நட்டு கையோடு வந்துவிடும். அந்தப் போல்ட்டை அதன்பின் மாற்றியே ஆக வேண்டும். உங்கள் வண்டியில் அதற்கு ஹப்பைக் கழற்ற வேண்டும் என்பதால், இது ஒரு கராஜில் முழுநாள் வேலை. என் இளமையில், வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்று அவசரப்படுத்த, மையம் பிசகித் துளையிட்டு, நல்ல சில்லொன்றின் குழியையும் சேர்த்துக் கெடுத்த வெட்கம் எனக்கு உண்டு. அந்தச் சில்லின் விலையை நானே கொடுத்தேன்.

காற்று இறங்கும் சில்லைப் பற்றி ஒன்று. ஒழுக்கு மெதுவானதாக இருப்பதால், நாளொன்றுக்கு ஒருமுறை காற்றடித்துக்கொண்டு இந்த ஒழுங்கில் நிதானமாக வேலை செய்ய உங்களுக்கு அவகாசம் இருக்கின்றது. அதுவரை புல்மோட்டைப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்: என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய மிட்சுபிஷி பஜேரோ. பூட்டு நட்டின் வெளிப்புற வளையம் கையால் தொட்டாலே சுழல்கின்றது. மேலே சொக்கட்டை அடித்து ஏற்றினால் வளையம் மட்டும் சுற்றுகின்றது, நட்டு அசையவில்லை. நட்டு பழுதடைந்துவிட்டதா?

பதில்: பழுதில்லை, அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றது. அடித்து ஏற்றும் சொக்கட்டைக் கொண்டு திருடுபவரை ஏமாற்றுவதற்காகவே, உடலோடு ஒட்டாமல் தனியாகச் சுழலும் வளையத்தை மாட்டியிருக்கிறார்கள். இப்போது ஏமாறியிருப்பவர் உரிமையாளர்.

சில்லு இரும்பாக இருந்து, நட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கூரிய உளியாலோ சிறிய தேய்ப்புச் சக்கரத்தாலோ வளையத்தை நீளவாட்டில் பிளந்து உரித்தெடுத்துவிட்டு, உள்ளிருக்கும் உடலில் சொக்கட்டை ஏற்றலாம். அலோய் சில்லின் ஆழக் குழிக்குள் இருந்தால் உளிக்கு இடமில்லை. அவ்வாறாயின் நட்டின் முகப்பிலுள்ள பள்ளத்துக்குள் அடித்து இறக்கி, இடஞ்சுழியாகக் கடிக்கும் பற்கள் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் ஒன்றைத் தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால் மேலே சொன்னபடி துளையிடலாம். பஜேரோவின் போல்ட் 12 மில்லிமீற்றர் மட்டுமே, 10.5 மில்லிமீற்றர் துளையோடு புரி விட்டுவிடும். போல்ட் மெல்லியது என்பதால் நீண்ட குழாயை மாட்டி ஏறி நிற்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள். எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒரு மீற்றர் நீளக் குழாயின் நுனியில் நின்றால், போல்ட்டுக்குக் கிடைக்கும் திருப்புவிசை ஏறக்குறைய 690 நியூட்டன் மீற்றர். அத்தகைய நட்டை இறுக்குவதற்கு நிறுவனம் சொல்வதோ 100 நியூட்டன் மீற்றரை ஒட்டிய அளவுதான்.

மூதூரிலிருந்து ஒரு வாசகர்: பூட்டு நட்டை வெட்டியெடுத்தபோது போல்ட்டும் முறிந்துவிட்டது. ஐந்தில் நான்கு நட்டுகளுடன் தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: கராஜ் வரைக்கும் மெதுவாக ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒன்று குறைந்தவுடன் அதன் இரு பக்கத்து போல்ட்டுகளும் கூடுதலாக வளைந்து களைப்படையும். அடுத்த முறிவு எச்சரிக்கையின்றி வரும்.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்: ஒருவழியாகப் பூட்டு நட்டுகள் நான்கையும் எடுத்துவிட்டேன். புதிதாக இன்னொரு பூட்டுத் தொகுதி வாங்கிப் போடும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். உங்கள் கருத்து என்ன? இனி இவ்வாறு இறுகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: பழைய ஜீப்புக்குப் பூட்டு நட்டு வேண்டாம். புதிய பளபளப்பான சில்லுகளை நகர வீதியில் இரவில் நிறுத்திவைப்பவருக்கு அவை பயன்படலாம். காட்டுப் பாதையிலும் கடற்கரையிலும் ஓடும் வண்டிக்குத் திருடனைவிடக் காற்றுப்போன சில்லே அடிக்கடி வரும் விருந்தாளி. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், பொழுதுபட்ட பின், யானை கடக்கும் வீதியோரத்தில் திறப்பைத் தேடி நிற்பவருக்கு நான் சொல்வது விளங்கும். பின்கதவில் வெளியே தொங்கும் மேலதிகச் சில்லுக்கு மட்டும் ஒரு பூட்டு நட்டை வைத்துக்கொள்ள விரும்பினால் அதில் தவறில்லை. அதன் திறப்பை வண்டியின் திறப்புக் கோர்வையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். குறியீட்டைப் பதிவுப் புத்தகத்தின் பிரதியில் எழுதி வீட்டில் வையுங்கள்.

சாதாரண நட்டுகளை வாங்கும்போது புரி மட்டும் பொருந்தினால் போதாது. நட்டு சில்லில் அமரும் முகம் எப்படியிருக்கின்றதென்று பார்க்க வேண்டும். சில சில்லுகளுக்குக் கூம்பு முகம்; வேறு சிலவற்றுக்குத் தட்டை முகமும் வாஷரும், உள்ளே இறங்கும் நீண்ட கழுத்தும். டொயோட்டா ஜீப்புகளில் இரும்புச் சில்லுக்குக் கூம்பு நட்டும், நிறுவனத்தின் அலோய் சில்லுக்குத் தட்டை வாஷர் நட்டும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கூம்புக் குழியில் தட்டை நட்டை இறுக்கினால் அது விளிம்பில் மட்டுமே தொட்டு நிற்கும். சில நூறு கிலோமீற்றரில் இளகத் தொடங்கும். ஆகவே கழற்றிய சாதாரண நட்டொன்றை மாதிரியாகக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

புதிய நட்டை முதலில் விரலாலேயே போல்ட்டின் அடிவரை திருகிப் பாருங்கள். நடுவழியில் இறுகினால், பழைய பலவந்தத்தில் போல்ட் நீண்டு அதன் புரியிடைவெளி மாறிவிட்டது என்பது பொருள். அந்தப் போல்ட்டை மாற்றிவிடுங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திர ஒழுங்கில், இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். டிஃபெண்டரின் அலோய் சில்லுக்கு அந்த அளவு 130 நியூட்டன் மீற்றர். அரை மீற்றர் நீளப் பிடியின் நுனியில் இருபத்தாறு கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டதற்குச் சமம். மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கைநூலைப் பாருங்கள். டயர் கடையின் காற்றுத் துப்பாக்கி 500 நியூட்டன் மீற்றருக்கும் மேலாகப் போகக்கூடியது. ஆதலால் "துப்பாக்கியால் ஓட்டி மட்டும் விடுங்கள், கடைசி இறுக்கு என் கையால்" என்று சொல்லிப் பழகுங்கள். கடைப் பையன் முகம் சுளிப்பான், பரவாயில்லை. ஏறக்குறைய 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

கிறீஸ் பூசலாமா என்பது இவ்வூரில் முடிவில்லாத வாதம். நிறுவனங்கள் தரும் இறுக்க அளவு பெரும்பாலும் உலர்ந்த, சுத்தமான புரிக்குரியது. கிறீஸ் பூசிய புரியில் அதே அளவுக்கு இறுக்கினால் உராய்வு குறைந்து போல்ட் கூடுதலாக நீளும். ஆகவே புரியையும் நட்டின் கூம்பையும் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி உலர்ந்தபடியே விடுங்கள். கிறீஸ் வேண்டிய இடம் வேறு: சில்லின் நடுத்துளை ஹப்போடு பொருந்தும் வளையம். அலுமினியமும் இரும்பும் உப்புநீர் நடுவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், பற்றரிக்குள் நடப்பதைப் போன்ற அரிப்பு அங்கே நடந்து, வெண்ணிறத் தூள் படிந்து, சில்லு ஹப்போடு ஒட்டிவிடும். அந்த வளையத்தில் மட்டும் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள்.

கடலில் இறங்கிய நாளில் வீடு திரும்பியதும் சில்லின் உட்புறத்தையும் நட்டுக் குழிகளையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஆண்டுக்கு இருமுறை, வாடைக்காற்று தொடங்குமுன் ஒருமுறையும் அது ஓய்ந்த பின் ஒருமுறையும், ஒவ்வொரு நட்டையும் கையாலேயே இளக்கி, துடைத்து, மீண்டும் அளந்து இறுக்குங்கள். ஒரே நேரத்தில் ஒரு நட்டை மட்டும் இளக்கினால் ஜக் எதுவும் தேவையில்லை. இருபது நட்டுகளுக்கு ஒரு மணிநேரம் போதும்.